செலின் சிஸ்டரின் ஒரு நிமிசம்

புதுவயல் ஆலையில்
வெள்ளைக்குத்தான் விலை.
கறுப்பு விழுந்த மணியை
எந்திரத்தின் கண் தவறவிட்டாலும்
என் கண் விடாது,
பத்தொன்பது வருசமாக.

என் சேலைக் கறையைத்தான்
ஏழு மாதம்
பார்த்தும் பாராமல்
கசக்கிப் பிழிந்தேன்.

ஆலையில் தீட்டினால் அரிசி.
வீட்டில் தீட்டு என்றால் நான்.
நாள் தப்பி வந்தது, நின்றபாடில்லை.
அவர் பக்கத்தில் படுத்த மறுநாள்
கேட்காமலே நாலு சொட்டு.
"உடம்புச் சூடு" என்றாள் அங்காயி,
சுளகைத் தட்டிக்கொண்டே.
வெந்தயம் ஊறப்போடச் சொன்னாள்.
வெந்தயம் ஊறியது,
நானும்.

வாடை வரத் தொடங்கியதும்
அவர் கட்டிலை வாசலுக்கு எடுத்துப் போனார்.
ஒன்றும் சொல்லவில்லை.
புழுக்கம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

இன்று வியாழன்.
பேங்குக்கு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு
ஆரம்ப சுகாதார நிலையத்தில்
பச்சைத் திரைக்குப் பின்னே
கால் அகட்டிக் கிடக்கிறேன்.
மூணு பெத்தவளுக்கு இதில் என்ன வெட்கம்?
பிள்ளை வருகிறபோது
வெட்கப்பட நேரமில்லை.
இன்று நேரம் நிறைய.

வாத்து அலகு போல ஒரு கருவி.
சில்லென்று.
"மூச்சை விடு இருளாயி, இறுக்காதே."
செலின் சிஸ்டர் குனிந்து பார்க்கிறார்,
நான் அரிசி பார்க்கிற அதே மாதிரி
இடது கண்ணைச் சுருக்கி.

"கர்ப்பப்பை வாய் நல்லாத் தெரியுது."
பைக்கு வாய் உண்டென்று
நாற்பத்தாறு வயதில் கேட்கிறேன்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
அது இத்தனை நாள் பேசிய பேச்சைத்தான்
சோப்புப் போட்டு அலசியிருக்கிறேன்.

பஞ்சில் எதையோ நனைத்து ஒற்றினார்.
ஊறுகாய் ஜாடி திறந்த வாசம்.
லேசாக எரிந்தது.
"ஒரு நிமிசம் பொறு.
கோளாறு இருந்தா அந்த இடம் வெளுக்கும்."

வெளுக்குமா?

ஒரு நிமிசத்தில்
கலர் சார்ட்டர் ஒரு மூட்டையைக் கழித்துவிடும்.
தேவகோட்டை பஸ் நின்று கிளம்பிவிடும்.
மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் அழுக்கு.
அது சுற்றுவதை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.
ஆடிக்கு ஆடி
புற்றுக்குப் பால் ஊற்றியவள் நான்,
முட்டையும் வைத்து.
அந்தச் சொல் மட்டும் வேண்டாம் என்று
கூரையைப் பார்த்துச் சொன்னேன்.
சிஸ்டர் போனில் சேவல் கூவியது.

அவர் உடனே பேசவில்லை.
விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"இருக்கு. மிளகளவு வெள்ளை.
இதுதான் புற்றுன்னும் சொல்லல,
இல்லைன்னும் சொல்லல.
துளி சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.
சிவகங்கைக்குச் சீட்டுத் தர்றேன், நாளைக்கே போ.
வருசக்கணக்கா சத்தமில்லாம வளர்றது இது.
முளையில பிடிச்சா சுட்டே அழிச்சிரலாம்.
உன்னுது முளையா என்னன்னு அங்க சொல்லுவாங்க."

"யார்கிட்டருந்து வந்துச்சு?"
கேட்டது என் குரல்தானா தெரியவில்லை.

"ஒரு கிருமி. படுக்கையில ஒட்டும்.
முக்காவாசிப் பேருக்குத் தானாப் போயிரும்,
சிலருக்குத் தங்கிரும்.
என்னைக்கு வந்ததுன்னு எவராலயும் சொல்ல முடியாது,
வீட்ல பஞ்சாயத்து வைக்காதே.
பொம்பளப்பிள்ளை இருக்கா?"

"கடைசி. பன்னெண்டு."

"தடுப்பூசி இருக்கு. அவளப் பத்திப் பேசணும், கூட்டிட்டு வா."

சீட்டை நாலாக மடித்து
சம்பளம் முடிகிற முந்தானையில் முடிந்தேன்.

ஆலையில் பெல்ட்டுக்கு முன்னே எட்டுப் பேர்,
குனிந்த தலை குனிந்தபடி.
"பேங்க்ல என்ன சொன்னாங்க?"
யாரோ கேட்டார்கள்.
எந்திர இரைச்சலில்
மெதுவாகச் சொல்ல எதற்கும் வழியில்லை.
கத்தினேன்.
எங்கே படுத்தேன், எதைப் பார்த்தார்கள்,
என்ன வெளுத்தது, எல்லாம்.

ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி "ச்சீ" என்றாள்.
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது,
கறுப்பும் வெள்ளையுமாக, பொறுக்க ஆளில்லாமல்.

அங்காயி மட்டும் நிமிரவில்லை.
கையிலிருந்த ஒற்றை மணியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதில் ஒரு குறையும் இல்லை.

"வியாழக்கிழமையா?" என்றாள்
வெகுநேரம் கழித்து.